அண்ணாமலைநகரும் விருத்தாசலமும்: கல்லூரி ஊழியர் நலம் குறித்து ஓர் ஒப்பாய்வு

கடலூர் மாவட்டத்தில் உயர்கல்வி இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக வளர்ந்தது. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, செராமிக் பொம்மைகளும் மின்சாதனப் பீங்கான்களும் செய்யும் பட்டறைகள் என்று அறியப்பட்ட ஊர் அது. சேத்தியாத்தோப்பு வழியாகப் பேருந்தில் போனால் இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.

வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு முன்பு இணைந்திருந்த விருத்தாசலக் கல்லூரி, 2021-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் பட்டம் தருவது இன்று ஒரே பல்கலைக்கழகம்தான். இரண்டிலும் வேலை செய்பவர்களின் வாழ்க்கை மட்டும் ஒன்றாகவில்லை. ஊழியர் நலத்தைப் பற்றி நேரெதிரான இரண்டு எண்ணங்களிலிருந்து பிறந்தவை இந்த இரண்டு வளாகங்கள். ஒன்று ஊழியருக்கு வீடு, ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் சேர்த்துக் கொடுக்க நினைத்தது. மற்றொன்று விதிகளைக் கொடுத்தது, அதையும் சிலருக்கு மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘பணிக்கும் வாழ்வுக்குமான சமநிலை’ என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது உண்மையில் எதில் தங்கியிருக்கிறது என்பது தெரியும்.

அண்ணாமலைநகரிலிருந்து தொடங்குகிறேன்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மறு ஆண்டில் பல்கலைக்கழகமானது. சென்னைப் பல்கலைக்கழகம் ஊர் ஊராக இருந்த கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு இயங்கியது. அண்ணாமலை, கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே இடத்தில் குடியிருக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக வடிவமைக்கப்பட்டது. ஊழியர் குடியிருப்பு, விடுதிகள், பிள்ளைகளுக்குப் பள்ளி, பக்கத்திலேயே ரயில் நிலையம், 1985-க்குப் பிறகு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் என்று ஒரு முழு ஊரே உருவானது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வேலைக்கு நடந்தே போகும் ஒருவருக்கு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம், நூலகத்தில் உட்காரலாம், வயதான பெற்றோரை வெளி நோயாளிப் பிரிவுக்கு அழைத்துப்போகலாம். ஆராய்ச்சி என்பது நேரம் மிச்சப்படும் இடத்தில்தான் வளரும். அண்ணாமலையில் தமிழிசை ஆய்வும் மொழியியலும் கடல் உயிரியலும் வேரூன்றியதற்கு ஆசிரியர்கள் அங்கேயே குடியிருந்ததும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் தனி மையமே இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மாவட்டம் நீண்டு கிடந்தால் அந்த வகை வேலை நடக்காது.

ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு தூணில் நின்றது. நிர்வாகத்தின் கையில் பணம் புழங்கும்வரைதான் அது நிற்கும். 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி நாடு முழுவதிலிருந்தும் மாணவர்களைக் கொண்டுவந்தது, வருமானம் பெருகியது. அதை நம்பி ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு துறைக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கும் எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள் என்ற கணக்கும் விலகிப்போயின. ஊழியர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரம் அளவுக்குப் போனது. 2012-இன் இறுதியில் ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு என்று பேச்சு எழுந்தபோது வளாகமே போராட்டக்களம் ஆனது. 2013 ஏப்ரலில் அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டு தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அரசு எடுத்துக்கொண்டதால் சம்பளம் காப்பாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வராமல் இருந்ததற்கு அந்த முடிவுதான் காரணம். ஆனால் ‘உபரி’ என்று கணக்கிடப்பட்டவர்கள் அயற்பணியில் மாநிலம் முழுவதும் அனுப்பப்பட்டார்கள். உதவிப் பேராசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும், அலுவலக ஊழியர்கள் பல்வேறு அரசுத் துறைகளுக்கும் போனார்கள். பிள்ளைகள் சிதம்பரத்தில் படிக்க, வீட்டுக்காரரோ மனைவியோ இன்னொரு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கும் வாழ்க்கை தொடங்கியது. அயற்பணிக் காலம் முடியும்போதெல்லாம் நீட்டிப்பா, திரும்பவா, வேறு ஊரா என்ற கேள்வி வரும். பதவி உயர்வும் ஓய்வுக்காலப் பலன்களும் கேட்டு அங்கே நடந்த போராட்டங்கள் செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பழக்கமானவை. 2021-இல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் சுகாதாரத் துறைக்கு மாறின. அந்த ஆண்டுகளில் அதிகக் கட்டணத்தை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் நடத்திய நெடிய போராட்டத்துக்குக் கிடைத்த நியாயமான தீர்வு அது. ஆனாலும் தொடக்ககாலக் கனவில் இருந்த ‘எல்லாம் ஒரே கூரையின்கீழ்’ என்பது அத்தோடு முடிந்தது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு சிலர் ஒரு தவறான பாடத்தைச் சொல்வார்கள். ஊழியர்களுக்கு அள்ளிக் கொடுத்ததால்தான் பல்கலைக்கழகம் நொடித்தது என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். வீடு கொடுத்ததால் எந்தப் பல்கலைக்கழகமும் கெட்டதில்லை. கணக்குப் பார்க்காமல் ஆள் எடுத்ததும், வருமானம் ஒரே ஊற்றை நம்பி நின்றதும்தான் கெடுத்தன. அந்தத் தவற்றைச் செய்தவர்கள் நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டவர்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஆணையைக் கையில் வாங்கியவர்கள்.

இனி விருத்தாசலம்.

இங்கே குடியிருப்பு வளாகம் என்ற எண்ணமே இல்லை. அரசுக் கல்லூரி என்றால் வகுப்பறை, அலுவலகம், மரத்தடி, அவ்வளவுதான். ஆசிரியர் எங்கே குடியிருக்கிறார் என்பது அரசின் கவலை அல்ல. விருத்தாசலம் சந்திப்பு விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. கடலூருக்கும் சேலத்துக்கும் அங்கிருந்து கிளைப்பாதைகள் பிரிகின்றன. அரசு ஊழியர் ஒருவர் ரயிலில் வந்துபோக இவ்வளவு வசதியான ஊர் இந்தப் பக்கத்தில் வேறில்லை. அதனாலேயே வெளியூரில் குடியிருந்துகொண்டு தினமும் வந்துபோவது இங்கே ஒரு வாழ்க்கைமுறை ஆகிவிட்டது. கடலூர், நெய்வேலி, விழுப்புரம், அரியலூர்ப் பக்கம் என்று வீடு ஓரிடம், வேலை ஓரிடம். வீட்டுக்காரருக்கு ஒரு மாவட்டத்தில் வேலை, மனைவிக்கு இன்னொரு மாவட்டத்தில் வேலை, நடுவில் எங்கோ வாடகை வீடு என்று வாழும் அரசு ஊழியக் குடும்பங்களை எல்லோரும் பார்த்திருப்போம். பொது இடமாறுதல் கலந்தாய்வு எப்போது என்று காத்திருப்பதே அவர்களுக்கு ஒரு தனி வேலை.

நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு விதிகளின் பாதுகாப்பு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி ஓர் ஆசிரியர் வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாள் பணிபுரிய வேண்டும். அதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, பண்டிகை முன்பணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. தமிழக அரசின் மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் என்று உயர்ந்திருக்கிறது. இந்தியாவில் இதைவிடத் தாராளமான மகப்பேறு விடுப்பைக் காண்பது அரிது. ஆட்சிகள் மாறியும் இந்த விஷயத்தில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார்கள். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அப்படியானால் நிரந்தர ஆசிரியர் நிம்மதியாக இருக்கிறாரா? முழுதாக இல்லை. விதியில் எழுதிய 40 மணி நேரத்துக்குள் அடங்காத வேலை ஒன்று வளர்ந்துவிட்டது. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் அங்கீகாரத்துக்கு ஐந்தாண்டு ஆவணங்கள் திரட்ட வேண்டும். 2022-இல் வந்த நான் முதல்வன், அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் என்று ஒவ்வோர் அரசுத் திட்டத்துக்கும் மாணவர் விவரம் சேகரிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், இணையத்தில் ஏற்ற வேண்டும். இந்தத் திட்டங்கள் அவசியமானவை. செராமிக் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவரின் மகள் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறும்போது மாதம் ஆயிரம் ரூபாய் அவளுக்குப் பெரிய பலம். ஆனால் அந்தப் பணம் அவள் கணக்கில் ஏறுவதற்கு வேண்டிய எழுத்து வேலைக்கென்று யாரையும் நியமிக்கவில்லை, அது ஆசிரியரின் தலையில் விழுந்தது. வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு ‘நாளைக் காலை பத்து மணிக்குள் விவரம் அனுப்பவும்’ என்று செய்தி வரும். கடலூருக்கு ரயிலில் திரும்பி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்த ஒரு பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பார். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை சட்டமாகவே இருக்கிறது. நமக்கு உடனே சட்டம்கூட வேண்டாம். முதல்வரும் துறைத்தலைவரும் இரவில் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தாலே பாதிச் சுமை குறையும்.

இவ்வளவும் நிரந்தரப் பணியாளரின் குறை. அதே ஆசிரியர் அறையில், பக்கத்து நாற்காலியில் இருக்கும், நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளரின் நிலையைப் பார்த்தால் இது குறையே இல்லை என்று தோன்றும்.

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் 160-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பணிபுரிகிறார்கள். பாடவேளை ஒன்றுதான், விடைத்தாள் ஒன்றுதான், மாணவர் ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைப்பதும் ஒன்றுபோலத்தான். நெட், செட், முனைவர் பட்டம் என்று தகுதியும் ஒன்று. சம்பளம் 15,000, 20,000 என்று ஏறி, 2024-25 கல்வியாண்டில் மாதம் 25,000 ரூபாய். ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் அதுவும். மே மாதத்துக்குக் கிடையாது. பதினொரு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 23,000 ரூபாய்கூட வராது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. அதில் பாதிதான் நம் மாநிலத்தில் கிடைக்கிறது.

பணம் குறைவு என்பதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது மருத்துவம். அரசு ஊழியர் காப்பீடு நிரந்தரப் பணியாளருக்கானது. இ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய், எனவே 25,000 வாங்குபவர் அதற்கு வெளியே நிற்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பதினொரு மாதச் சம்பளம் 2,75,000 ஆகிவிடுவதால் அதற்கும் வெளியே. ஏழைக்கு ஒரு திட்டம், தொழிலாளிக்கு ஒரு திட்டம், அரசு ஊழியருக்கு ஒரு திட்டம் என்று மூன்று கதவுகள் இந்த மாநிலத்தில் திறந்திருக்கின்றன. அது நல்ல மாநிலம் என்பதற்கு அடையாளம். அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தும் முனைவர் பட்டதாரி மட்டும் மூன்றுக்கும் நடுவே உள்ள சுவரில் முட்டி நிற்கிறார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் அவர் கடன் வாங்க வேண்டும். மனநலம் பற்றி அவருக்கு யார் எந்த வகுப்பு எடுத்தால் என்ன?

அடுத்தது காத்திருப்பு. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவித்தது, அது நியமனத்தில் முடியாமல் பின்னர் கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிக்கை வந்தது. 2024 அறிவிக்கையில் வயது உச்சவரம்பு 57. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. ஐம்பத்தேழு வயதில் ஒருவர் முதல் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஓர் அரசே எழுதி வைக்கிறது என்றால், எத்தனை பேர் அந்த வயதுவரை காத்திருக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள். முப்பது வயதில் வந்தவர் திருமணம், வீட்டுக் கடன், இரண்டாவது குழந்தை என்று ஒவ்வொன்றையும் ‘டி.ஆர்.பி. வரட்டும்’ என்று தள்ளிப்போடுகிறார். பகலில் பாடம் நடத்தி, இரவில் தேர்வுக்குப் படிக்கிறார். தான் எழுதப்போகும் தேர்வின் பாடத்தையே தினமும் நடத்திக்கொண்டிருப்பவர் அவர். அதற்கு மேல் வேறு எந்த வகையில் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

நீதிமன்றங்கள் இந்த நாற்காலிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஒப்பந்தப் பணியில் இருக்கும் பெண்ணுக்கும் முழு மகப்பேற்றுப் பலன் உண்டு, ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்தாலும் அது பறிபோகாது என்று 2023 ஆகஸ்டில் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசு பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் இருந்த உதவிப் பேராசிரியர்களுக்கு நிரந்தரப் பணியாளரின் குறைந்தபட்ச ஊதிய நிலையைத் தரச் சொன்னது. குருவைத் தெய்வமென்று மேடையில் சுலோகம் சொல்வது போதாது, நடத்தும் விதத்தில் அது தெரிய வேண்டும் என்ற பொருளில் நீதிபதிகள் அதில் எழுதினார்கள். 30,000 ரூபாயே போதாது என்று சொன்ன நீதிமன்றத்தின் முன் 25,000 ரூபாய் எப்படி நிற்கும்?

அண்ணாமலைநகரின் கதையும் விருத்தாசலத்தின் கதையும் அரசுக் கல்லூரிகளின் ஆசிரியர் அறையில்தான் சந்திக்கின்றன. அங்கே மூன்று வகை ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் அரசு நியமனம். ஒருவர் அண்ணாமலையிலிருந்து அயற்பணியில் வந்தவர். மூன்றாமவர் கௌரவ விரிவுரையாளர். முதலாமவருக்குச் சம்பளமும் நிச்சயம், பதவியும் நிச்சயம், ஊர் மட்டும் கலந்தாய்வின் கையில். இரண்டாமவருக்குச் சம்பளம் வரும், ஆனால் எந்த ஊரில் எத்தனை நாள் என்பது தெரியாது. மூன்றாமவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதே கல்லூரியில் இருப்பவர், மாணவரின் அண்ணனுக்கும் அக்காளுக்கும் பாடம் நடத்தியவர். ஊர் அவருக்கு நிச்சயம், அடுத்த ஆண்டு வேலை நிச்சயமில்லை. காலியிடத்தில் நிரந்தர ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தால் கௌரவ விரிவுரையாளர் வெளியேற வேண்டியிருக்கும். அயற்பணியில் ஒருவர் வந்தாலும் அதே கதிதான். இதனால் தேநீர் குடிக்க ஒன்றாகப் போகும் நண்பர்களுக்குள்ளேயே ஒருவர் வருகை மற்றவர் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. சிதம்பரத்தில் யாரோ கணக்கில்லாமல் ஆள் எடுத்ததன் விளைவை, இருபது ஆண்டு கழித்து, அந்த நியமனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு ஒரு கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் சுமக்கிறார்.

ஆசிரியரைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன். கல்லூரி என்பது ஆசிரியர் மட்டும் அல்ல. ஆய்வக உதவியாளர், நூலகர், கண்காணிப்பாளர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஊழியர்களே. பழைய அண்ணாமலையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. துணைவேந்தரின் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அலுவலக உதவியாளரும் குடியிருந்தார், மருத்துவமனை இருவருக்கும் ஒன்றாக இருந்தது. அதே அண்ணாமலையில்தான் தினக்கூலியிலும் தொகுப்பூதியத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் பணிநிரந்தரம் கேட்டு வாயிலில் உட்கார்ந்தார்கள். அரசுக் கல்லூரிகளில் காவலும் துப்புரவும் ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே துப்புரவு செய்யும் அம்மாவின் பெயர் கல்லூரியின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நலத்திட்டம் பற்றிக் கல்லூரி எழுதும் அறிக்கையிலும் இருக்காது.

அந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நாக் மதிப்பீட்டில் ஆறாம் அளவுகோலின்கீழ் 6.3.1 என்று ஒரு கேள்வி வரும். கற்பிக்கும், கற்பிக்காத ஊழியர்களுக்கு நிறுவனம் செய்யும் நல ஏற்பாடுகள் எவை என்பது கேள்வி. தற்செயல் விடுப்பு, பண்டிகை முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன், மருத்துவக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு என்று கல்லூரிகள் பட்டியல் போடும். எல்லாம் உண்மை. ஆனால் அவை அரசு ஊழியர் எவருக்கும் சட்டப்படி உரியவை. கல்லூரி தனியாக எதுவும் செய்ததாகாது. ஆசிரியர் அறையில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டியல் பொருந்தும் என்ற கேள்வி அங்கே இல்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் தமிழகத்தின் பல கல்லூரிகளின் மதிப்பெண் மாறிவிடும்.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை, வேலையால் வரும் மனஅழுத்தத்தை அளக்க ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறது: வேலைச்சுமை, தன் வேலைமீது தனக்குள்ள பிடி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கிடைக்கும் ஆதரவு, உறவுகள், தன் பொறுப்பு எது என்ற தெளிவு, மாற்றங்கள் நடத்தப்படும் விதம். இந்த ஆறில் யோகாவும் இல்லை, தியானமும் இல்லை. வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் ஆறிலும் இருக்கிறது. யோகா கூடாது என்று சொல்லவில்லை. முதுகுவலிக்கு அது நல்லது. ஆனால் இந்த ஆறையும் நம் இரண்டு ஊர்களுக்கும் பொருத்திப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். அண்ணாமலைநகர் தோற்றது கடைசி அளவுகோலில். மாற்றம் வந்தபோது அது ஊழியர்களோடு பேசி நடத்தப்படவில்லை, அவர்கள்மீது இறக்கப்பட்டது. விருத்தாசலத்தின் கௌரவ விரிவுரையாளர் தோற்கடிக்கப்படுவது இரண்டாவதில். தன் வேலைமீது அவருக்கு எந்தப் பிடியும் இல்லை. நிரந்தர ஆசிரியரை வாட்டுவது ஐந்தாவது. அவர் ஆசிரியரா, தரவு உள்ளீட்டாளரா என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

குறை சொல்லும் வழியைப் பற்றியும் ஒப்பிட வேண்டும். அண்ணாமலையில் ஊழியர்கள் ஒரே இடத்தில் குடியிருந்தார்கள். பிரச்சினை வந்த அன்றே கூடினார்கள், பல சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தன, அரசு அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. 2013-இன் முடிவுக்கு அந்த ஒன்றுகூடல் முக்கியக் காரணம். வந்துபோகும் கல்லூரியில் அது எளிதல்ல. நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் கூட்டத்துக்கு நிற்க முடியாது. கௌரவ விரிவுரையாளர் குரலை உயர்த்தினால் அடுத்த ஆண்டு நீட்டிப்பு என்னவாகும் என்று வீட்டில் கேட்பார்கள். கல்லூரிக்குப் பெயர் தந்த கொளஞ்சியப்பர் கோயில் விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் இருக்கிறது. தங்கள் வழக்கைத் தாளில் எழுதி அங்கே பிராது கட்டுவது இந்த வட்டாரத்து மக்களின் வழக்கம். குறை தீர்ந்தால் வந்து அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் முறை. எழுத்தில் குறை வாங்கி, தீர்ந்ததா என்று கணக்கு முடிக்கும் ஒரு நடைமுறை இந்த மண்ணில் காலங்காலமாக இருக்கிறது. அப்படி ஒரு பதிவேட்டைக் கல்லூரிக் கல்வி இயக்ககம் ஒப்பந்தப் பணியாளருக்காக ஏன் வைக்கக் கூடாது?

இரண்டையும் ஒப்பிட்டு நான் வந்து சேரும் தீர்ப்பு இது. வசதிகளில் அண்ணாமலைநகர் உயர்ந்தது, பெரும்பாலான ஊழியருக்கு இன்றும் அதுவே மேலான இடம். விதிகளில் அரசுக் கல்லூரி உயர்ந்தது, ஆனால் அந்த விதிகள் ஆசிரியர் அறையின் பாதியோடு நின்றுவிடுகின்றன. இரண்டு இடத்திலும் ஊழியரின் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே: அடுத்த ஆண்டு தாம் எங்கே இருப்போம், சம்பளம் வருமா என்று தெரியாத நிலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024 ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமாகி ஊழியர்கள் போராடியபோதும் இதையேதான் பார்த்தோம். மாதக் கடைசியில் கணக்கில் பணம் ஏறாத வீட்டில் பணிக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதம் உட்பட பன்னிரண்டு மாதச் சம்பளம் தர வேண்டும், அது மானியக் குழு சொன்ன 50,000 ரூபாயாக இருக்க வேண்டும். அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும், தவணையில் ஒரு பங்கைச் சம்பளத்தில் பிடித்தாலும் மறுக்கமாட்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மகப்பேறு விடுப்பு ஒருவர்கூட விடுபடாமல் கிடைக்க வேண்டும். தேர்வை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் நடத்தி, பணி அனுபவத்துக்கு உரிய மதிப்பெண் தர வேண்டும். அயற்பணியில் வந்தவர்களை வந்த இடத்திலேயே ஈர்த்துக்கொண்டு, கௌரவ விரிவுரையாளரை வெளியேற்றாமல் காலியிடங்களைக் கணக்கிட வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம். அதை ஏட்டில் விட்டுவிடாமல் அரசுக் கல்லூரிகளில் ஓர் அறையாவது ஒதுக்கித் தொடங்க வேண்டும்.

இவற்றில் முதலாவது மிக எளிது. அதற்குப் புதிய சட்டமோ குழுவோ ஆய்வறிக்கையோ வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். வரும் மே மாதம் வீட்டு வாடகையும் பால் பாக்கியும் வழக்கம்போல வரும். அதற்குள் அந்த ஆணையை வெளியிடுங்கள் என்று உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.